எக்ஸ்பெரிமென்டல் மெக்கானிக்ஸ் ஆசிரியராகப் போகிறவர்களுக்கு: விண்ணப்பத்திலிருந்து ஓடுகிற ஆய்வகம் வரை

பிஎச்டி முடித்துவிட்டு இந்தியாவில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் உதவிப் பேராசிரியராகச் சேரப் போகிறீர்கள், உங்கள் துறை எக்ஸ்பெரிமென்டல் மெக்கானிக்ஸ் (பாரம் ஏற்றினால் பொருள் எப்படி நீள்கிறது, உடைகிறது என்று சோதித்து அளப்பது) என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஸ்ட்ரெயின் கேஜ் (திரிபை, அதாவது நீள மாற்ற விகிதத்தை, அளக்க ஒட்டும் மின்தடைத் தகடு), போட்டோஎலாஸ்டிசிட்டி (ஒளியில் தெரியும் பட்டைகளால் தகைவை அறிவது), டிஐசி (படங்களை ஒப்பிட்டுத் திரிபை அளப்பது), ஃபடீக் (திரும்பத் திரும்ப வரும் பாரத்தில் பொருள் சோர்வது), இம்பாக்ட் (மோதல் சோதனை) என எதில் வேலை செய்தவராக இருந்தாலும் சரி.

சிமுலேஷன் செய்கிற சக ஆசிரியர் சேர்ந்த வாரமே வேலையைத் தொடங்கிவிடுவார். நமக்கு அறை கிடைக்க வேண்டும், த்ரீ ஃபேஸ் மின்சாரம் வர வேண்டும், டெண்டர் முடிய வேண்டும், பெட்டி துறைமுகத்திலிருந்து வெளியே வர வேண்டும், இயந்திரத்தைத் தரையில் இறுக்கி அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். அதற்குள் ஒன்றரை, இரண்டு வருடம் ஓடிவிடும். பதவி உயர்வுக் குழு அந்தக் காலத்தைக் கழித்துக்கொண்டு பார்ப்பதில்லை. எனக்கு இதை முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லை; ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் குறையட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. எந்த வாசல் என்று முதலில் தீர்மானியுங்கள்

ஐஐடியில் உதவிப் பேராசிரியர் கிரேடு 1 பணிக்கு பிஎச்டி, அதற்கு முந்தைய பட்டத்தில் முதல் வகுப்பு, பிஎச்டி காலத்தைச் சேர்க்காமல் மூன்று வருட அனுபவம் வேண்டும். ஊதிய நிலை 12, தொடக்க அடிப்படை ஊதியம் 1,01,500 ரூபாய். அனுபவம் குறைவாக இருந்தால் கிரேடு 2 என்று கீழ்நிலையில் எடுப்பார்கள். ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) விதிப்படி நடக்கும் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் நிலை 10-ல் 57,700 ரூபாயில் தொடங்குகிறார். அங்கே நுழைய பி.இ., எம்.இ. இரண்டும் இருந்து ஏதாவது ஒன்றில் முதல் வகுப்பு இருந்தால் போதும். தமிழ்நாட்டு அரசு பொறியியல் கல்லூரி என்றால் ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாகத்தான் போக வேண்டும். அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

சம்பளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய இயந்திரம் அந்த வளாகத்தில் ஏற்கெனவே இருக்கிறதா, இருந்தால் உங்களைத் தொட விடுவார்களா என்பதுதான் முதல் கேள்வி. நல்ல யூடிஎம் (மாதிரியை இழுத்தும் அழுத்தியும் சோதிக்கும் இயந்திரம்) ஒன்று பொதுக்கூடத்தில் இருக்கிற சாதாரணக் கல்லூரி, வெறும் அறையைக் காட்டுகிற பெரிய நிறுவனத்தைவிட முதல் மூன்று வருடத்துக்கு உங்களுக்கு அதிகம் உதவும்.

2. விண்ணப்பக் கோப்பு

பொதுவாகக் கேட்பவை: கல்விச் சான்றுகள் எல்லாம், பிஎச்டி பட்டம் அல்லது தற்காலிகச் சான்று, அனுபவச் சான்றுகள், சிறந்த கட்டுரைகள் மூன்று முதல் ஐந்து, ஆராய்ச்சித் திட்டம், கற்பித்தல் திட்டம், பரிந்துரையாளர் பெயர்கள். இவற்றில் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் அதிகம் சிக்குவது இரண்டில்.

முதலாவது சாதிச் சான்று. மாநில அரசு தந்த பிசி, எம்பிசி சான்று மத்திய நிறுவனங்களில் அப்படியே செல்லாது. உங்கள் பிரிவு மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்ற சான்றை வாங்க வேண்டும். பெரும்பாலான அறிவிப்புகள் நடப்பு நிதியாண்டின் சான்றைக் கேட்கும். ஆகவே ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கடைசித் தேதி தாண்டிவிடும்.

இரண்டாவது என்ஓசி. ஏற்கெனவே ஒரு கல்லூரியில் வேலை பார்ப்பவர் தடையில்லாச் சான்று இல்லாமல் நேர்முகத்துக்குப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடும். விண்ணப்பிக்கும் அன்றே கடிதம் கொடுத்து, கையெழுத்துடன் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில தனியார் கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைத் தங்களிடம் வைத்துக்கொண்டு, கேட்கும்போது இழுத்தடிப்பார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு என் கண்டிப்பான வேண்டுகோள்: அசலை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சித் திட்டத்தில் நம்மவர்கள் பத்து பக்கம் கோட்பாடு எழுதுகிறார்கள். தேர்வுக்குழு தேடுவது அதை அல்ல. இந்த ஆள் வந்தால் எவ்வளவு செலவு, எவ்வளவு இடம், எப்போது முதல் முடிவு கிடைக்கும் என்றுதான் பார்ப்பார்கள். கருவிகளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: சேர்ந்த ஆறு மாதத்துக்குள் சொந்தமாக வாங்கக்கூடியவை, வளாகத்தில் இருப்பதைப் பகிர்ந்துகொள்ளக்கூடியவை, வெளித் திட்டப் பணத்தில் பிறகு வாங்க வேண்டியவை. இந்த ஒரு பக்கம் உங்களைத் தனியாகக் காட்டும்.

விண்ணப்பத்திலிருந்து நியமனக் கடிதம் வரை சில மாதங்களும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். ஒரே இடத்துக்கு மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

3. கடிதம் கையில் வந்த பிறகு, சேருவதற்கு முன்

உங்கள் சொல்லுக்கு மதிப்பு அதிகம் இருக்கும் நாட்கள் இவைதான். துறைத் தலைவருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்: தொடக்க நிதி எவ்வளவு, எத்தனை வருடத்துக்குள் செலவழிக்க வேண்டும், அறை எங்கே? தரைத்தளமா என்பது முக்கியம். செர்வோ-ஹைட்ராலிக் இயந்திரம் (எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் கனமான சோதனை இயந்திரம்) வாங்கும் எண்ணம் இருந்தால் மாடி அறை வேண்டவே வேண்டாம். கூரை உயரம், கதவின் அகலம், தரை தாங்கும் பாரம், த்ரீ ஃபேஸ் இணைப்பு, ஹைட்ராலிக் பம்ப்புக்குக் குளிர்நீர், அதன் சத்தத்துக்குத் தனி அறை என எல்லாவற்றையும் கேளுங்கள். ஆப்டிக்ஸ் வேலை என்றால் அறையை இருட்டாக்க முடியுமா, பக்கத்தில் கம்ப்ரசரோ லிஃப்டோ இருக்கிறதா என்று பாருங்கள்.

வாய்மொழி உறுதி போதாது. பதில் மின்னஞ்சலிலேயே வரட்டும். துறைத் தலைவர் பொறுப்பு சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும். புதியவருக்கு முந்தையவர் சொன்னது தெரியாது.

4. கொள்முதல்: சேர்ந்த முதல் மாதமே தொடங்குங்கள்

வழி இதுதான்: தேவை விவரக்குறிப்பு, பட்ஜெட் கொட்டேஷன், இண்டெண்ட் (வாங்கித் தரக் கோரும் படிவம்), தொழில்நுட்பக் குழு, டெண்டர், விலை ஒப்பீடு, கொள்முதல் ஆணை, லெட்டர் ஆஃப் கிரெடிட் (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்), கப்பல், சுங்கம், நிறுவுதல், பணம் விடுவிப்பு. இறக்குமதி இயந்திரம் என்றால் இண்டெண்ட்டிலிருந்து முதல் சோதனை வரை ஒரு வருடம் என்று கணக்கு வையுங்கள். அதற்குள் முடிந்தால் நல்லது.

மத்திய நிறுவனங்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2025 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் அறிவியல் கருவிகளுக்கான வரம்புகளை உயர்த்தியது. கொட்டேஷன் இல்லாமல் 2 லட்சம் ரூபாய் வரையும், கொள்முதல் குழு மூலம் 25 லட்சம் வரையும் வாங்கலாம். உங்கள் நிறுவனம் இதை உள்விதியாக ஏற்றிருக்கிறதா என்று ஸ்டோர்ஸில் முதல் வாரமே கேளுங்கள். ஏற்றிருந்தால் கேமரா, லென்ஸ், டேட்டா அக்விசிஷன் போன்றவை பெரிய டெண்டர் இல்லாமலே வந்துவிடும்.

இனி மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள். சீனியர் கொடுக்கும் பழைய இண்டெண்ட்டைப் பார்த்து ஜிஎஸ்டி 5 சதவீதம் என்று போடாதீர்கள். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான அந்தச் சலுகை 2022 ஜூலையில் போய்விட்டது. இப்போது 18 சதவீதம். 40 லட்சம் ரூபாய் கருவிக்கு வித்தியாசமே 5 லட்சத்து 20 ஆயிரம். இதைத் திட்டமிடாவிட்டால் எக்ஸ்டென்சோமீட்டரை (மாதிரியின் நீட்சியை அளக்கும் கருவி) பட்டியலிலிருந்து வெட்ட வேண்டிவரும்.

விவரக்குறிப்பை ஒரு கம்பெனியின் பிரோஷரிலிருந்து அப்படியே எடுத்தால் மற்ற கம்பெனிகள் ஆட்சேபம் எழுப்பும், டெண்டர் ரத்தாகும், மறுபடி முதலிலிருந்து. "இந்த அளவுக்குக் குறையாமல்" என்று உங்கள் சோதனைக்கு வேண்டிய எண்ணை மட்டும் எழுதுங்கள். அந்த எண் ஏன் வேண்டும் என்று ஒரு வரி நியாயமும் தயாராக இருக்கட்டும்.

யூடிஎம் வாங்கும்போது எல்லோரும் பாரத் திறனைப் பார்க்கிறார்கள். 100 கிலோநியூட்டன் இயந்திரத்தில் பாலிமர் மாதிரியை 300 நியூட்டனில் உடைக்கப் போகிறீர்கள் என்றால் அந்த லோட் செல் (பாரத்தை அளக்கும் உணரி) உங்களுக்கு உதவாது. சிறிய லோட் செல் ஒன்றையும், கிரிப், காம்ப்ரஷன் பிளேட்டன், எக்ஸ்டென்சோமீட்டர், வெளியே சிக்னல் எடுக்கும் அனலாக் அவுட்புட் எல்லாவற்றையும் அதே ஆணையில் சேருங்கள். பின்னால் தனியாகக் கேட்டால் விலை வேறு மாதிரி இருக்கும். அனலாக் அவுட்புட் இல்லாவிட்டால் கேமராப் படத்தையும் பாரத்தையும் ஒரே நேரக்கோட்டில் வைக்க முடியாமல் திண்டாடுவீர்கள். வாரண்டி நிறுவிய நாளிலிருந்து தொடங்க வேண்டும், பெட்டி வந்த நாளிலிருந்து அல்ல. அறை தயாராவதற்குள் பெட்டி வந்து, பிரிக்காமலே வாரண்டி கரைந்த கதைகள் நிறைய உண்டு.

அப்புறம், அளவுத்திருத்தத்துக்கு வருடா வருடம் பணம் ஒதுக்குங்கள். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்று இல்லாத லோட் செல்லில் எடுத்த தரவைக் கட்டுரையில் எழுதலாம். தொழிற்சாலைக்கு அறிக்கையாகத் தர முடியாது.

5. இயந்திரம் வரும்வரை

இதைத்தான் எல்லாவற்றிலும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காத்திருக்கும் அந்த ஒன்றரை வருடத்தை வைத்துத்தான் உங்கள் அடுத்த ஐந்து வருடம் அமையும். கையிலிருக்கும் சின்னக் கருவிகளில் சுத்தமான தரவு எடுக்கப் பழகுங்கள், மாணவர்களையும் பழக்குங்கள்.

ஸ்ட்ரெயின் கேஜிலிருந்து ஆரம்பியுங்கள். கேஜ்கள், சயனோஅக்ரிலேட் பசை, சாண்ட்பேப்பர், கண்டிஷனர், நியூட்ரலைசர், நல்ல சால்டரிங் அயர்ன், நான்கு சேனல் பிரிட்ஜ் மாட்யூல் (கேஜின் சின்ன மின்தடை மாற்றத்தைப் படிக்கும் கருவி) இருந்தால் போதும். கேஜ் பெட்டியின் மேல் வெப்ப ஈடுசெய்தல் எண் (எந்த உலோகத்தின் வெப்ப விரிவுக்குப் பொருந்தும் என்ற குறி) இருக்கும். ஜப்பான் கேஜில் எஃகுக்கு 11, அலுமினியத்துக்கு 23. அமெரிக்க வகையில் எஃகுக்கு 06, அலுமினியத்துக்கு 13. உங்கள் மாதிரியின் உலோகத்துக்கு ஏற்றதைக் கேட்டு வாங்குங்கள். கடையில் இருப்பதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகுப் பட்டையை ஒரு முனையில் இறுக்கி, கேஜிலிருந்து 200 மில்லிமீட்டர் தள்ளி 1 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். கணக்குப்படி ஏறத்தாழ 262 மைக்ரோஸ்ட்ரெயின் (ஒரு மைக்ரோஸ்ட்ரெயின் என்பது நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்) வர வேண்டும். மாணவர் இந்த எண்ணைச் சில சதவீதத்துக்குள் திரும்பத் திரும்ப எடுக்கும்வரை வேறு எதையும் கொடுக்காதீர்கள். ஷண்ட் அளவுத்திருத்தமும் அதே நாளில் பழக வேண்டியது: கேஜ் ஃபாக்டர் (திரிபுக்கு எவ்வளவு மின்தடை மாறும் என்ற விகிதம்) 2 உள்ள 120 ஓம் கேஜுக்கு இணையாக 59.88 கிலோஓம் மின்தடையை வைத்தால் 1000 மைக்ரோஸ்ட்ரெயினுக்குச் சமமான சிக்னல் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் கேஜைக் குறை சொல்வதற்கு முன் சாஃப்ட்வேர் செட்டிங்கைப் பாருங்கள்.

கேஜுக்கு இரண்டு கம்பி மட்டும் இழுப்பது இங்கே பரவலாக இருக்கும் பழக்கம். கம்பியின் மின்தடை 1 ஓம் என்று வையுங்கள். மதியம் ஏசி நின்று அறை 10 டிகிரி சூடானால் தாமிரத்தின் மின்தடை 0.039 ஓம் ஏறும். 120 ஓம் கேஜில் அது 160 மைக்ரோஸ்ட்ரெயினாகத் தெரியும். பட்டை அசையவே இல்லை, திரையில் மட்டும் திரிபு ஏறிக்கொண்டிருக்கும். மூன்று கம்பி இழுங்கள், முடிந்தால் 350 ஓம் கேஜ் வாங்குங்கள். இந்தப் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

டிஐசிக்கு விலை உயர்ந்த இறக்குமதித் தொகுப்பு வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. என்கோர், சாண்டியா ஆய்வகத்தின் டிஐசிஇ ஆகிய இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு தரமான மோனோகுரோம் கேமரா, லென்ஸ், எல்இடி விளக்கு, உறுதியான ஸ்டாண்ட் போதும். மேற்பரப்பில் மேட் வெள்ளை அடித்து, கறுப்புப் புள்ளிகளைத் தெளியுங்கள். ஒவ்வொரு புள்ளியும் படத்தில் 3 முதல் 5 பிக்சல் இருக்க வேண்டும். பெயிண்ட் அடித்து வாரக்கணக்கில் வைத்துவிட்டு இழுத்தால் காய்ந்த பூச்சு மாதிரிக்கு முன்பே வெடிக்கும். அதிகத் திரிபு வரும் சோதனையை அடுத்த நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

ஒற்றைக் கேமராவில் பெரிய ஆபத்து, மாதிரி கேமராவை நோக்கி நகர்வது. கேமரா 500 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும்போது மாதிரி வெறும் 0.5 மில்லிமீட்டர் முன்னே வந்தால் 1000 மைக்ரோஸ்ட்ரெயின் பொய்யாக வரும். கேமராவைத் தள்ளி வைத்து நீண்ட ஃபோகல் லென்ஸ் போடுங்கள், அல்லது டெலிசென்ட்ரிக் லென்ஸுக்கு (தூரம் மாறினாலும் படத்தின் அளவு மாறாத லென்ஸ்) பணம் ஒதுக்குங்கள். பாரம் ஏற்றுவதற்கு முன் அசையாத மாதிரியைப் பத்துப் படம் எடுத்து, அதில் வரும் திரிபுதான் உங்கள் இரைச்சல் அளவு என்று கட்டுரையில் எழுதுங்கள். விமர்சகர் முதலில் கேட்பதே அதைத்தான். ஐடிக்ஸ் என்ற சர்வதேச டிஐசி அமைப்பு 2018-ல் வெளியிட்ட டிஐசி நற்பழக்கக் கையேடு இணையத்தில் இலவசம். அதை மாணவரின் மேசையிலேயே வையுங்கள்.

போட்டோஎலாஸ்டிசிட்டி இன்னும் சிக்கனம். போலராய்டு தாள், குவார்ட்டர் வேவ் பிளேட், எபாக்ஸி வட்டத் தகடு இருந்தால் ஒரு சர்க்குலர் போலரிஸ்கோப் (தகைவைப் பட்டைகளாகக் காட்டும் ஒளி அமைப்பு) அமைத்துவிடலாம். வட்டத்தை விட்டத்தின் வழியே அழுத்தி, நடுவில் ஃபிரிஞ்சை (ஒளிப் பட்டையை) எண்ணி, 8P/πDN (P பாரம், D விட்டம், N ஃபிரிஞ்ச் எண்) என்ற சூத்திரத்தில் பொருளின் ஃபிரிஞ்ச் மதிப்பைப் பெறுவதுதான் முதல் பாடம். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் எபாக்ஸி ஈரத்தை இழுத்து ஓரத்தில் தானாகவே ஃபிரிஞ்ச் காட்டத் தொடங்கும். வெட்டிய உடனே சோதியுங்கள், இல்லையேல் டெசிக்கேட்டரில் பூட்டுங்கள். இந்தத் துறையில் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் கே. ரமேஷின் என்பிடெல் (இணையவழிப் பாடத் தளம்) பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. புது மாணவர் அதை முழுதாகப் பார்த்த பிறகே ஆய்வகத்துக்குள் வரட்டும்.

இந்த வேலைகளிலிருந்து நல்ல கட்டுரைகள் வரும். எக்ஸ்பெரிமென்டல் மெக்கானிக்ஸ், ஸ்ட்ரெயின், ஆப்டிக்ஸ் அண்ட் லேசர்ஸ் இன் என்ஜினியரிங் போன்ற இதழ்கள் கருவியின் விலையைப் பார்ப்பதில்லை, அளவீட்டின் நம்பகத்தைப் பார்க்கின்றன.

6. வெளிப் பணம்

ஆய்வுக்குப் பணம் தந்த எஸ்இஆர்பி (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) இப்போது கிடையாது. அதன் இடத்தில் ஏஎன்ஆர்எஃப் (அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை). புதியவர்களுக்கான பிரதம மந்திரி தொடக்கநிலை ஆய்வு மானியம் மூன்று வருடத்துக்கு 60 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 42. அழைப்பு திறந்த பிறகு எழுத உட்கார்ந்தால் அவகாசம் பற்றாது. மூல வரைவும், ஆறு மாதத்துக்குள் வாங்கிய கொட்டேஷன்களும், நிறுவனத் தலைவரின் ஒப்புதல் படிவமும் எப்போதும் தயாராக இருக்கட்டும். கையெழுத்துக்கே ஒரு வாரம் ஆகும் இடங்கள் உண்டு.

விண்வெளிப் பக்கம் இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டம், விமானப் பக்கம் டிஆர்டிஓவின் ஏரோநாட்டிக்ஸ் ஆராய்ச்சி, மேம்பாட்டு வாரியம் இரண்டும் நம் துறைக்கு நெருக்கமானவை. இவற்றுக்கு எழுதும்போது அந்த மையத்தின் விஞ்ஞானி ஒருவரோடு முன்பே பேசிவிடுங்கள். அவர்களுக்குத் தேவையில்லாத தலைப்பு எவ்வளவு நன்றாக எழுதினாலும் நகராது.

பணம் வந்த பிறகு கவனம் தேவைப்படுவது செலவுத் தலைப்புகளில். கருவிக்கான பணத்தை நுகர்பொருளுக்கோ, பயணத்துக்கோ முன் அனுமதியில்லாமல் மாற்ற முடியாது. மார்ச் 31 கணக்கு முடிவு. ஜிஎஃப்ஆர் (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று போகாவிட்டால் அடுத்த தவணை வராது, மாணவர் உதவித்தொகை நிற்கும். பிப்ரவரி முதல் வாரமே கணக்குப் பிரிவில் போய் உட்காருங்கள்.

7. மாணவர்கள்

திட்டத்தில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) எடுத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆனால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பட்ஜெட்டில் பழைய விகிதம் போட்டுவிடாதீர்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால் பிஎச்டி வழிநடத்த மேற்பார்வையாளர் அங்கீகாரம் தனியாகப் பெற வேண்டும். தகுதி வந்த உடனே விண்ணப்பியுங்கள். அது வருவதற்குள் நல்ல மாணவர் வேறு இடம் போய்விடுவார்.

முதல் மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட் மதிப்பெண்ணோடு கையையும் பாருங்கள். ஒரு கேஜ், சால்டரிங் அயர்ன், அரை மணி நேரம் கொடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பணிமனை மெக்கானிக், எலக்ட்ரீஷியன், ஸ்டோர்ஸ் ஊழியர் மூவரையும் பெயர் சொல்லி மரியாதையாக அழைக்கும் மாணவரின் வேலை எங்கேயும் நிற்காது. உங்களுக்கும் அது பொருந்தும்.

8. தொழிற்சாலை வேலை

யூடிஎம் ஓடத் தொடங்கியதும் சோதனை கேட்டு ஆட்கள் வருவார்கள். ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாம் நிறுவனத்தின் கன்சல்டன்சி அலுவலகம் வழியாகவே போகட்டும். கொட்டேஷனில் 18 சதவீத ஜிஎஸ்டியையும் நிறுவனப் பங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தத் தரநிலைப்படி சோதனை, எத்தனை மாதிரி, யார் வெட்டித் தருவது, உடைந்த துண்டுகள் யாருக்கு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். ஏஎஸ்டிஎம் இ8 (உலோகத்துக்கான அமெரிக்கத் தரநிலை) இழுவைச் சோதனை என்று சொல்லிவிட்டு அளவு தவறிய மாதிரிகளை அனுப்புவார்கள். அளந்து பார்த்து, தவறானதைத் திருப்பி அனுப்புங்கள். "ரிசல்ட் கொஞ்சம் ஏற்றிப் போடுங்கள் சார்" என்ற தொலைபேசியும் ஒருநாள் வரும். அந்த வாடிக்கையாளர் இனி வேண்டாம்.

9. பதவி உயர்வுக் கோப்பை இன்றே தொடங்குங்கள்

ஐஐடியில் கிரேடு 1-ல் மூன்று வருடம் முடித்தால் ஊதிய நிலை 13ஏ1. இணைப் பேராசிரியராக பிஎச்டிக்குப் பின் ஆறு வருட அனுபவம், அதில் மூன்று வருடம் உதவிப் பேராசிரியர் நிலையில். பேராசிரியராகப் பத்து வருடம், அதில் நான்கு இணைப் பேராசிரியராக. ஏஐசிடிஇ பக்கம் இணைப் பேராசிரியருக்கு பிஎச்டி, எட்டு வருட அனுபவம், அங்கீகரிக்கப்பட்ட இதழ்களில் ஆறு கட்டுரைகள். இவை குறைந்தபட்சம்தான், போட்டி அதற்கு மேலே நடக்கிறது.

ஒரு கோப்புறையில் மாதம் ஒருமுறை போட்டு வையுங்கள்: பாடம் நடத்திய ஆணைகள், மாணவர் மதிப்பீடு, திட்ட அனுமதிக் கடிதங்கள், பயன்பாட்டுச் சான்றுகள், கட்டுரை ஏற்புக் கடிதங்கள், ஆய்வேடு நடுவராக அழைத்த கடிதங்கள். நமக்கே உரிய இன்னும் இரண்டையும் சேருங்கள். ஒன்று, இண்டெண்ட் போட்ட தேதியும் இயந்திரம் நிறுவப்பட்ட தேதியும் உள்ள ஆவணங்கள். நடுவில் ஏன் கட்டுரை குறைந்தது என்று குழு கேட்டால் அதுதான் உங்கள் பதில். இரண்டு, நீங்கள் நிறுவிய கருவியைப் பயன்படுத்திய மற்றத் துறை ஆசிரியர்கள், மாணவர்களின் பதிவேடு. ஆய்வக வாசலில் ஒரு லாக் புத்தகம் கட்டித் தொங்கவிட்டு, தேதி, பெயர், நேரம், சோதனை என்று நான்கு கட்டம் போட்டுவிடுங்கள். இயந்திரம் வந்த முதல் நாளிலிருந்தே எழுதச் சொல்லுங்கள்.